பாசிக்குள் மறைந்த வியாதி

கடற்பாசிக்கும் வியாதி உண்டு, அதிலும் வைரஸினால் விளையும் வியாதி உண்டு என்பது இன்று கடலாராய்ச்சிக் கூடங்களில் சாதாரணப் பேச்சு. ஆனால் அந்தப் பேச்சுக்கு ஆதாரமான நிரூபணம் ஒவ்வொன்றாகச் சேர்வதற்குள் இருபது ஆண்டுகள் போல் கழிந்தன என்பதையும், அவ்வளவு காலமும் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நாவை அடக்கிக் காத்த நிதானத்தையும் நினைக்கும்போது, அவர்களிடம் எனக்கு உண்டாகும் மதிப்பு கொஞ்சமன்று.

1970-களின் தொடக்கத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தவர்கள் வைரஸைத் தேடி அமர்ந்தவர்கள் அல்லர். பாசியின் உயிரணுச் சுவர் எத்தகையது, அதன் வித்துகள் உருவாகும் விதம் என்ன என்று அறியும் பொருட்டு, இழையை ரசாயனத்தில் பதப்படுத்தி, பிசினில் உறையவைத்து, அதி சூட்சுமமான சீவல்களாக அரிந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணில், கோணங்கள் அமைந்தவையாய், ஒரே அளவினவாய், கோத்துவைத்த மணிகளைப் போல நெருங்கிய துகள்கள் பட்டன. 1972-ல் டோத், வைல்ஸ் என்ற இருவர் கோர்டா என்னும் பழுப்புப் பாசியிலும், 1973-ல் பேக்கர், எவன்ஸ் என்ற இருவர் கப்பல்களின் அடிப்பாகத்தில் படர்ந்து தொல்லை தரும் எக்டோகார்ப்பஸ் பாசியிலும் அவற்றைக் கண்டு எழுதினர். எழுதியபோது வைரஸ் என்று சொல்லவில்லை. ‘வைரஸ் போன்ற துகள்கள்’ என்றே சொன்னார்கள். அந்தப் ‘போன்ற’ என்ற சொல்லில் ஒரு சாஸ்திரத்தின் நாணயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உருவம் பிரத்தியட்சம்; வியாதிக்குக் காரணம் அதுவே என்பதோ அநுமானம். நோயுற்ற பாசியிலிருந்து எடுத்ததை நோயற்ற பாசியில் இட்டு, அங்கும் அதே குறிகள் தோன்றக் கண்டாலன்றி அநுமானம் நிரூபணம் ஆகாது. பார்ப்பதற்குப் பாசியைக் கொன்றாக வேண்டும். கொன்ற பாசியோ எதையும் தொற்றவைக்காது.

இந்த முட்டுக்கட்டையை ஒரு பக்கம் உடைத்தவர்கள் மேயரும் டெய்லரும். மைக்ரோமோனாஸ் என்பது ஒற்றை உயிரணுவாலான பச்சைப் பாசி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம், அத்தனை சிறியது. அதைக் கரைத்து அழிக்கும் வைரஸைப் பற்றி 1979-ல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் எழுதினார்கள். இம்முறைச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நுண்ணிய வடிகட்டியில் இறங்கிய கடல்நீரைப் பாசி வளரும் குடுவையில் ஊற்றிச் சில நாள் காத்திருந்தால் பச்சை நிறம் வெளுத்து நீர் தெளிகிறது. தெளிந்த நீரை மறுபடி வடித்துப் புதுக் குடுவையில் இட்டால் அதுவும் தெளிகிறது. எனக்குத் தெரிந்த நிரூபணங்களில் இத்தனை எளிமையும் அழகும் கூடியவை சிலவே.

ஆனால் எக்டோகார்ப்பஸின் வியாதி இப்படி வெளிப்படையானதன்று. அந்தப் பாசி சாவதில்லை. இழை வளர்கிறது, கிளைக்கிறது, பார்ப்பவனுக்கு ஆரோக்கியமாகவே தோன்றுகிறது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து டீட்டர் முல்லர் நியூஸிலாந்துக் கரையிலிருந்து வந்த இழைகளில், வித்துப் பைகள் விகாரமடைந்து, வித்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வைரஸே நிறைந்திருப்பதைக் கண்டார். 1990-ல் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் அந்த நோய் தொற்றக்கூடியது என்று நிறுவினர். ஏற்கெனவே பல்லாண்டுகள் அந்தப் பாசியை வளர்த்து, அதன் பெண் அணு ஆண் அணுவை அழைக்கும் வாசனைப் பொருளைக் கண்டறிவதில் பங்குகொண்ட கை அவருடையது. அந்தப் பழக்கமே இங்கும் உதவியது என்பது என் எண்ணம். சுவரற்று நீந்தித் திரியும் வித்தையோ பாலணுவையோ மட்டுமே இவ்வைரஸ் பற்றுகிறது; பற்றியபின் அவ்வுயிரணுவின் மரபுப்பொருளோடு மரபுப்பொருளாக ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து வளரும் இழையின் ஒவ்வோர் அணுவுக்கும் போய்ச் சேர்கிறது. அரைகுறையாக வித்து ஈனும் இழைகளில், அடுத்த சந்ததியில் ஏறத்தாழ பாதிக்குப் பாதியாக, மெண்டல் கண்ட விதிப்படி அது பிரிவதை முல்லர் 1991-ல் காட்டினார். பிதிரார்ஜிதமாக இறங்கும் தொற்றுநோய் என்று கேட்பதற்கே வியப்பாக இல்லையா!

இதற்கிடையில் 1989-ல் நார்வேயின் பெர்கன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், இயற்கை நீர்நிலைகளின் நீரை மைய விலக்குக் கருவியில் சுழற்றி, துகள்களை நுண்ணோக்கியின் வலைத் தட்டிலேயே படியவைத்து எண்ணி, ஒரு மில்லிலிட்டரில் 25 கோடி வரை வைரஸ் உண்டென்று அறிவித்தனர். பழைய மதிப்பீடுகளைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு முதல் கோடி மடங்கு வரை மிகுந்த தொகை அது. 1999 ஜூலையில் ப்ளிமத் அருகே ஆங்கிலக் கால்வாயைப் பால்போல் வெளுக்கவைத்து விண்கோள் படத்திலும் தெரிந்த எமிலியானியா பாசித் திரள் மடிந்தபோது, அந்நீரிலிருந்தே அதைக் கொன்ற வைரஸைப் பிரித்தெடுத்தார்கள்.

2010-ல், பெரு நாட்டுக் கரையிலிருந்து வந்த ஓர் எக்டோகார்ப்பஸ் வகையின் மரபுப்பொருள் முழுவதும் எழுத்தெழுத்தாக வாசிக்கப்பட்டு வெளியாயிற்று. அதனுள்ளே முல்லரின் வைரஸுக்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸின் மரபுத்தொடர் பொதிந்துகிடந்தது. அதன் ஜீன்கள் ஏறக்குறைய யாவும் வாய்மூடிக் கிடந்தன. அந்த வகைப் பாசியில் வைரஸ் போன்ற துகள் ஒன்றைக்கூட அதுவரை எவரும் கண்டதில்லை.