உறவறுத்து வளர்த்த படை: எகிப்தின் மம்லூக்குகள்

அண்ணன் தம்பியும் சிற்றப்பனும் அரியணைக்குப் போட்டியிட்ட காலத்தில், ஊரும் உறவும் அற்ற அடிமைகளைக் கொண்டு படை திரட்டுவதே பாதுகாப்பு என்று இஸ்லாமிய உலகின் ஆட்சியாளர் பலர் நம்பினர். அப்பாசியக் கலீபா அல்-முஃதஸிம் தம் துருக்கிய அடிமை வீரர்களோடு பக்தாதை விட்டு நீங்கி, 836இல் சாமர்ராவைத் தலைநகராக்கினார். 861இல் அவருடைய மகன் கலீபா அல்-முதவக்கிலைக் கொன்றவர்களும் துருக்கிய வீரர்களே.

அந்தப் பாடம் யாரையும் தடுக்கவில்லை. எகிப்தின் அய்யூபிய சுல்தான் அஸ்-ஸாலிஹ் அய்யூப், கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கிப்சாக் துருக்கிய இளைஞர்களைப் பெருமளவில் விலைக்கு வாங்கி, நைல் நதியின் ரவ்தா தீவில் குடியமர்த்தினார். பின்வந்த சுல்தான்கள் கெய்ரோக் கோட்டைப் பாசறைகளில் இப்பயிற்சியைச் செம்மைப்படுத்தினர். சிறுவர்கள் முதலில் எழுத்தும் குர்ஆனும் மார்க்க நெறியும் கற்றனர். வளர்ந்தபின் குதிரையேற்றம், ஈட்டி, வில், வாள். பயிற்சி முடிந்ததும் விடுதலை பெற்று, குதிரையும் ஆயுதமும் பெற்றனர். இவ்வாறு வளர்க்கப்பட்ட அடிமை வீரர்களே மம்லூக்குகள்.

அறுத்த உறவு வேறு உருவில் துளிர்த்தது. விலைக்கு வாங்கி விடுதலையும் தந்த எசமானர் தந்தையின் இடத்தில் நின்றார். ஒரே எசமானரிடம் வளர்ந்தவர்கள் உடன்பிறந்தாராயினர். இந்தப் பிணைப்பே அவர்களின் பலம்; எசமானரின் வாரிசுக்கு அதுவே ஆபத்து. 1250இல் மன்சூராவில் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் சிலுவைப் படையைத் தடுத்து நிறுத்திய மம்லூக்குகள், அதே ஆண்டில் அஸ்-ஸாலிஹின் மகன் தூரான்ஷாவைக் கொன்று ஆட்சியைத் தமதாக்கினர். 1260இல் அய்ன் ஜாலூத்தில் மங்கோலியரை வென்ற சுல்தான் குதுஸ், வெற்றியோடு திரும்பும் வழியிலேயே பைபர்ஸ் உள்ளிட்ட தளபதிகளின் சதியில் உயிரிழந்தார்; பைபர்ஸ் சுல்தானானார். ஆயிரம் தினாருக்கு விலைபோனதால் ‘அல்-அல்ஃபி’ எனப்பட்ட கலாவூனும் பின்னர் அரியணை ஏறினார்.

கலாவூனின் வழியினர் ஏறக்குறைய நூறாண்டு சுல்தான்களாக இருந்தபோதும், படையின் உயர்நிலை பொதுவாக மம்லூக்குகளின் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிய சிறுவர்களை வாங்க வேண்டியிருந்தது. துருக்கியருக்குப்பின் சர்க்காசியர் வந்தனர். 1517இல் உஸ்மானியர் கெய்ரோவைக் கைப்பற்றும்வரை அந்த அரசு நீடித்தது.

அடிமை அரசனாகலாம் என்பதை வியந்து போற்றுவோர் உண்டு. வியப்பு நியாயமானதே. ஆனால் அரியணை ஏறியவர் சிலர். தாய்மடியிலிருந்து பிரிக்கப்பட்டுச் சந்தைக்கு வந்த பிள்ளைகள் எண்ணற்றோர். அய்ன் ஜாலூத் வெற்றியை எழுதும் வரலாறு அவர்களின் இழப்பையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்த இழப்பின் மேல்தான் அப்படையே எழுந்தது.