பார்த்து வரைந்தது

ஆறாம் வகுப்பில் ஓவியப் போட்டிக்காக நான் வரைந்த மயிலை ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "காலண்டரைப் பாத்துதானே போட்டே? காப்பியடிச்சதுக்கெல்லாம் பரிசு கிடையாது." மயில் காலண்டரில் இருந்ததுதான். அதன்பிறகு முப்பது வருடங்கள் நான் தூரிகையைத் தொடவில்லை.

நாற்பதைத் தாண்டி மறுபடி ஆரம்பித்தபோதும் வேறு வழி தெரியவில்லை. ஒருவரைப் பார்த்தே வரைந்தேன். அவர் அமெரிக்க அரூப ஓவியர் ஆர்ஷில் கார்க்கி. அவரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. பார்த்து வரைவதற்கு வெட்கப்படாத மனிதர் அவர்.

கார்க்கி என்றதும் நமக்கு 'தாய்' நாவல்தான் நினைவுக்கு வரும். இவர் வேறு, ஆனால் பெயரை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். இயற்பெயர் வோஸ்டானிக் அடோயன். ஓட்டோமான் பேரரசில், வான் ஏரிக்கரையின் ஆர்மீனியக் கிராமம் ஒன்றில் 1904 வாக்கில் பிறந்தவர். அப்பா முன்பே அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1915இல் ஆர்மீனியர்கள் மீதான இனப்படுகொலை தொடங்கியபோது அம்மாவும் பிள்ளைகளும் யெரெவானுக்குத் தப்பினார்கள். அங்கே 1919இல் அம்மா ஷுஷான் பட்டினியால் இறந்தார். மறுவருடம் பையன் தங்கையோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். பின்னாளில் பெயரை மாற்றிக்கொண்டு, ரஷ்ய எழுத்தாளருக்குத் தான் உறவு என்றும் சொல்லிக்கொண்டார். மாக்ஸிம் கார்க்கி என்பதே பெஷ்கோவ் என்பவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். இவர் இரவல் வாங்கிய பெயரே ஒரு இரவல் பெயர்.

ஓவியத்திலும் அப்படித்தான். 1920களில் நியூயார்க்கில் அவர் செசானாகவே வாழ்ந்தார். அதே ஆப்பிள்கள், அதே தூரிகைத் தீற்றல்கள். பிறகு பல வருடங்கள் பிக்காசோ. நடுவே டி கிரிக்கோ, அப்புறம் மீரோ. ஐரோப்பாவுக்குப் போகக் காசில்லாத ஆள். பத்திரிகைகளில் அச்சான படங்களையும் நியூயார்க் அருங்காட்சியகங்களையும் வைத்தே படித்தார். பிக்காசோவின் புதிய ஓவியங்களில் வண்ணம் வழிந்திருப்பதைப் பார்த்ததும், அதுவரை ஓரங்களைச் சுத்தமாக வரையப் பாடுபட்டவர் தானும் வழியவிடத் தொடங்கினாராம். நண்பர்கள் வட்டத்தில் சொல்லப்பட்டு வந்த கதை இது. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அவரிடம் கற்றவர்களில் மார்க் ராத்கோவும் ஒருவர். தான் எங்கிருந்து வந்தேன் என்பதற்கு, யூனியன் சதுக்கத்தில் இருந்த கார்க்கியின் ஸ்டூடியோ விலாசத்தையே பதிலாகச் சொன்னவர் வில்லெம் டி கூனிங்.

நான் எடுத்துக்கொண்டது 1944இல் கார்க்கி வரைந்த 'ஈரல் என்பது சேவலின் கொண்டை'. அசல் ஏறக்குறைய ஆறடி உயரம், எட்டடி அகலம். என்னுடையது கலர் ஜெராக்ஸ் பார்த்து, இரண்டடி அட்டையில். நிறங்கள் ஓரளவுக்கு வந்துவிட்டன. கோடுதான் வரவில்லை. அவர் கோடு முடி போல மெலிந்து போகும், திடீரென்று தடித்துத் திரும்பும். என் கோடு புழு மாதிரி நெளிந்தது.

அதற்கும் அவர் கதையிலேயே பதில் இருந்தது. பெயர்ப் பலகை எழுதுகிறவர்களின் நீண்ட மயிர் கொண்ட மெல்லிய தூரிகையைக் கார்க்கிக்கு அறிமுகப்படுத்தியது டி கூனிங்தான். எங்கள் தெருமுனையில் போர்டு எழுதும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்து, இப்போது வண்டி நம்பர் மட்டும் எழுதுகிறார். போய்க் கேட்டேன்.

"விரலை ஆட்டாதீங்க சார். தோள்ல இருந்து இழுங்க. பாதியில யோசிச்சா கோடு கெட்டுடும்."

இரண்டு மாதம் பழைய பேப்பரில் இழுத்தேன். அவர் கையைப் பார்த்து, அப்படியே.

கார்க்கியின் சொந்தக் கை பிடிபட்டது நாற்பதை ஒட்டிய வயதில்தான். 1943 கோடையில், வர்ஜீனியாவில் மனைவியின் பெற்றோருக்கு இருந்த பண்ணையில், புல்லுக்குள் உட்கார்ந்து வரைந்தார். அடுத்த வருட ஓவியங்களில் டர்பன்டைனில் கரைத்த வண்ணம் வழிந்தோடுகிறது. இப்போது அந்த வழிதலைப் பார்த்து யாரும் பிக்காசோ என்று சொல்வதில்லை. அதன்பின் அவருக்குக் கிடைத்தவை சில வருடங்களே. 1946இல் ஸ்டூடியோ எரிந்தது, புற்றுநோய் வந்தது. 1948இல் கார் விபத்தில் கழுத்து முறிந்தது. அந்த ஜூலையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நடுவே யாரையும் அப்படியே பின்பற்றி முடிக்க முடியாத ஒரு வேலை அவரிடம் இருந்தது. 1912இல் எடுத்த போட்டோ ஒன்று. அம்மா உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் கையில் பூவோடு பையன் நிற்கிறான். அதைப் பார்த்து 1926 வாக்கில் வரையத் தொடங்கி, பத்து வருடங்களுக்கு மேல் சுரண்டியும் தேய்த்தும் மறுபடி பூசியும் இரண்டு ஓவியங்கள் செய்தார். போட்டோவில் அம்மாவின் மேலங்கி நிறையப் பூவேலை இருக்கிறது. ஓவியத்தில் அது வெறுமையாகக் கிடக்கிறது. கைகளுக்கு விரல்களே இல்லை. வெள்ளையாக, மங்கலாக நின்றுவிட்டன. செசானின் ஆப்பிளை அப்படியே கொண்டுவர முடிந்தவருக்கு அம்மாவின் கைகளை அப்படிக் கொண்டுவர முடியவில்லை. அல்லது மனம் வரவில்லை. அவர் ஓவியங்களில் நான் அதிக நேரம் பார்த்தவை அந்தக் கைகள்தான்.

என் படம் முடிந்ததும் போர்டு எழுதும் அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். வலது ஓரத்தில், ஜெராக்ஸில் இருந்த மாதிரி வராமல் வேறெங்கோ போய்விட்ட ஒரு வளைவின் மேல் விரல் வைத்தார்.

"இது நல்லா வந்திருக்கு. கீழ பேரு எழுதலியா?"

அவருடைய தூரிகையை வாங்கி, தோளிலிருந்து இழுத்து எழுதினேன். 'கார்க்கியைப் பார்த்து வரைந்தது'. அதன் கீழே என் பெயர்.