சாமுவேல் போர்னின் இமயமலை ஒளிப்படப் பயணங்கள்

சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் 1863 முதல் 1866 வரை இமயமலையில் மூன்று நெடும்பயணங்கள் மேற்கொண்டார். முதல் பயணத்திற்கே ஏறக்குறைய 30 சுமைகூலிகள் தேவைப்பட்டனர். கேமரா மட்டும் இதற்குக் காரணமன்று. அக்காலக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து, அங்கேயே கழுவிவிடவும் வேண்டும். எனவே 12க்கு 10 அங்குலக் கண்ணாடித் தகடுகள், இரசாயனப் புட்டிகள் ஆகியவற்றோடு இருட்டறைக் கூடாரமும் மலையேறியது. சுமைகூலிகள் நடுவழியில் விட்டு ஓடியதைப் போர்ன் கடிந்து எழுதினார். பனியில் கண்ணாடி சுமந்தவர்கள் ஓடியதில் வியப்பில்லை. 1866இல் சுமார் 18,600 அடி உயரமுள்ள மணிராங் கணவாயிலும் அவர் படமெடுத்தார்.

1871இல் ரிச்சர்டு மேடாக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டு முறையை வெளியிட்டார். அது செம்மையாகிப் பரவியபின், தகடுகளை ஊர் திரும்பிக் கழுவ முடிந்தது; கூடாரம் சுமக்கும் தேவை ஒழிந்தது.