நடுத்தர ஓசையின் கதை

மேலைத்தேய இசைத்தாள்களில் 'மெட்சோ போர்த்தே' என்றொரு குறிப்பு உண்டு. இத்தாலிய மொழியில் மெட்சோ என்றால் பாதி; போர்த்தே என்றால் உரத்து. அளவோடு உரத்து வாசிக்க என்பது பொருள்.

1597இல் வெனிஸ் நகரில் கப்ரியேலி வெளியிட்ட சொனாட்டா ஒன்றில் மெல்ல, உரக்க என இரு குறிப்புகளே இருந்தன. அக்கால ஹாப்சிகோட் வாத்தியத்தில் விசையை எவ்வளவு அழுத்தினும் ஓசை ஏறக்குறைய ஒன்றே. 1700ஆம் ஆண்டளவில் புளோரன்சில் கிறிஸ்டோபோரி பியானோவை ஆக்கினார். விரலின் விசைக்கேற்ப ஓசை ஏறியது, இறங்கியது. இடைப்பட்ட படிகளும் விரலுக்கு வசமாயின.

ஆயினும் இந்த நடுத்தர ஓசைக்கு நிலையான அளவு கிடையாது. மென்மையான பகுதியின் பின் வந்தால் அது உரப்பு. முழக்கத்தின் பின் வந்தால் தணிவு. மண்டபத்துக்கு மண்டபம் அது மாறும். எவ்வளவு உரப்பென்பதை ஒவ்வொரு முறையும் வாசிப்பவரின் செவிதான் தீர்மானிக்க வேண்டும்.