கிளீவ்லாந்து குடும்ப ஆய்வு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் 1948 முதல் 1957 வரை, மருத்துவர் ஜான் டிங்கிள் தலைமையில் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தினர் நடத்திய தொற்றுநோய்க் கண்காணிப்பு. மருத்துவமனைக்கு வருவோரைக் கொண்டு மட்டும் ஒரு நகரத்தின் நோயை அளக்க முடியாது. சளி, இருமல், வயிற்றுப்போக்கு போன்றவை பெரும்பாலும் வீட்டோடு முடிந்துவிடுகின்றன. ஆகவே ஆய்வு வீட்டுக்கே சென்றது. குடும்பத்தில் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் தாய்மார் நாள்தோறும் குறித்துவைத்தனர். களப்பணியாளர் வாரந்தோறும் வந்து தொண்டைச் சளி மாதிரி எடுத்தனர். இந்த ஆய்வின் உண்மையான பலம் அத்தாய்மாரின் பொறுமையே. பதிவான ஏறத்தாழ 25,000 நோய் நிகழ்வுகளில் பெரும்பகுதி சுவாச நோய்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் வழியே தொற்று அதிகம் வீடு புகுந்தது. தந்தையரைவிடத் தாய்மாரே கூடுதலாக நோயுற்றனர். எனினும் பங்கேற்றவை பெரும்பாலும் வசதியுள்ள குடும்பங்கள். முடிவுகளை நெரிசலான ஏழைக் குடியிருப்புகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. முழு விவரம் 1964இல் நூலாக வெளிவந்தது.