மூளைக் காயமும் கணினிவழி அறிதிறன் சோதனையும்: அனாம் சோதனையின் வரலாறு

தலையில் அடிபட்டு, சிறிது நேரம் நினைவிழந்து, பின் தெளிந்து எழுந்தவருக்கு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் அதில் எதுவும் தெரிவதில்லை. ஆனால் வேலைக்குத் திரும்பியதும் கணக்கு தவறுகிறது, சொன்னது மறந்துபோகிறது, எளிய முடிவெடுக்கவும் நேரம் பிடிக்கிறது. சோம்பல் என்றோ நடிப்பு என்றோ பிறர் தள்ளிவிடும் இந்த மந்தத்தை எண்ணால் காட்டும் முயற்சியில் பிறந்தவையே கணினிவழி அறிதிறன் சோதனைகள். அமெரிக்கப் படைத்துறை உருவாக்கிய 'அனாம்' அவற்றுள் முக்கியமானது. பயன்படுத்தப்பட்டதற்காகவும் பயன்படுத்தாமல் விடப்பட்டதற்காகவும் அது பேசப்படுகிறது.

முன்வரலாறு

1974ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கிரகாம் டீஸ்டேல், பிரயன் ஜென்னட் ஆகியோர் தங்கள் கோமா அளவுகோலை வெளியிட்டனர். இன்றும் மருத்துவமனைகளில் வழங்கும் அந்த அளவுகோல் கடுமையான காயத்துக்கு ஏற்றது. கண் திறந்து, பேசி, சொன்னபடி கையை அசைப்பவர் அதில் முழு மதிப்பெண் பெற்றுவிடுவார். அதே காலத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உளவியலாளர் டோரதி கிரான்வால், அப்படி முழு மதிப்பெண் பெற்றவர்களையே ஆராய்ந்தார். அவரது சோதனையில் ஒலிநாடா எண்களைச் சொல்லிக்கொண்டே போகும். கேட்பவர் ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும். 3, 5, 2 என்று வந்தால் விடை 8, 7. கேட்க எளிது, வேகம் கூடும்போது நல்ல நிலையில் இருப்பவரே தடுமாறுவார். லேசான அடி என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் இதில் பின்தங்கினர்.

இத்தகைய பாதிப்பு வாழ்க்கையை எவ்வளவு தொடும் என்பதை 1981இல் வெளிவந்த வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. சிறு தலைக்காயம் அடைந்த 424 பேரை மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, விபத்துக்கு முன் வேலையில் இருந்தவர்களில் 34 விழுக்காட்டினர் வேலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அக்குழுவில் இருந்த ஜெஃப்ரி பார்த், பின்னர் கல்லூரிக் கால்பந்து வீரர்களைப் போட்டிப் பருவம் தொடங்கும் முன்பே சோதித்து வைத்து, அடிபட்டபின் மீண்டும் சோதித்தார். ஒருவரை ஊராரின் சராசரியோடு அல்லாமல் அவரது பழைய நிலையோடே ஒப்பிடும் வழி இதனால் பரவியது. சோதனைகள் அப்போது தாளிலும் பென்சிலிலும்தான் நடந்தன.

நச்சுவாயு மருந்திலிருந்து மூளைக் காயத்துக்கு

அனாமின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படைகள் நரம்பு நச்சு ஆயுதங்களை எதிர்பார்த்து முறிமருந்துகளை ஆராய்ந்தன. அம்மருந்து உட்கொண்ட சிப்பாய் விழிப்போடு செயல்படுவாரா என்பது கேள்வி. இதற்காக 1980களில் முப்படைகளும் சேர்ந்து பொதுவான ஒரு கணினிச் சோதனைத் தொகுப்பை உருவாக்கின. டென்னிஸ் ரீவ்ஸ் உள்ளிட்டோர் அதிலிருந்து வளர்த்ததே அனாம். மருந்துக்கு முன்னும் பின்னும் ஒரே ஆளைப் பலமுறை சோதிக்க வேண்டியிருந்ததால், கணினி ஒவ்வொரு முறையும் புதிய வினாக்களைத் தரும்படி அது அமைக்கப்பட்டது. மூளைக் காயத்துக்கு வேண்டியிருந்ததும் இதுவே.

மூளைக் காயத்துக்கான தொகுப்பை முடிக்க ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். திரையில் நட்சத்திரக் குறி தோன்றியதும் பொத்தானை அழுத்துவது முதல் வேலை. பிறகு குறிகளையும் எண்களையும் இணை சேர்ப்பது, மூன்று எண்களைக் கூட்டிக் கழித்து விடை 5ஐவிடப் பெரிதா சிறிதா என்று சொல்வது, கட்டங்களின் வடிவத்தை நினைவில் வைப்பது என்று தொடரும். இறுதியில் அதே நட்சத்திரக் குறி மீண்டும் வரும். அடிபட்ட மூளை விரைவில் களைக்கும் என்பதால், தொடக்க வேகத்துக்கும் இறுதி வேகத்துக்கும் உள்ள இடைவெளியே ஒரு தடயம்.

வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கழகத்தில் குத்துச்சண்டைப் பயிற்சியில் அடிபட்ட மாணவர்களிடம் அனாம் சோதிக்கப்பட்டது. 2001இல் வெளியான முடிவின்படி, அடிபட்டு நான்கு நாளாகி, தலைவலி முதலான அறிகுறிகள் நீங்கிய பின்னும் அவர்களது எதிர்வினை நேரம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள்

சாலையோரக் குண்டுகள் இந்தப் போர்களின் அடையாளமாயின. வெடிப்பின் அதிர்வில் மூளை குலுங்கி, வெளிக்காயம் ஏதுமின்றி நடந்து வந்தவர்கள் பலர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் வற்புறுத்தலால், போர்முனைக்குச் செல்லும் ஒவ்வொருவரையும் புறப்படுவதற்கு முந்தைய 12 மாதத்துக்குள் சோதித்து வைக்குமாறு 2008 மே மாதம் பாதுகாப்புத் துறை ஆணையிட்டது. அதற்கு அனாம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் கணினி முன் அமர்ந்து சோதனையை முடித்தனர்.

பழைய அளவைச் சேமித்து வைத்தது அத்தனையும் பின்னொரு நாள் ஒப்பிடுவதற்காகத்தான். அந்த ஒப்பீடு அரிதாகவே நடந்தது என்று புரோபப்ளிகா, என்பிஆர் ஆகிய ஊடகங்கள் 2011இல் விசாரித்து எழுதின. படைத்துறை மருத்துவத் தலைமையிலேயே இச்சோதனையின்மேல் நம்பிக்கை குறைவாக இருந்தது. சிகிச்சைக்கும் ஈட்டுத்தொகைக்கும் சான்று தேடிய சிப்பாய்க்கு, தன் பெயரில் ஓர் அளவு எங்கோ கிடந்தும் பயன்படவில்லை.

நம்பிக்கைக் குறைவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தூக்கமின்மை, மனச்சோர்வு, போர் அதிர்ச்சி ஆகியவையும் எதிர்வினையை மந்தப்படுத்தும். கணினிக்குக் கணினி சுட்டியும் திரையும் சில மில்லி விநாடிகள் வேறுபடும். ஃபோர்ட் பிராக் படைத்தளத்தில், அடிபடாத சிப்பாய்களை ஒரு மாத இடைவெளியில் இருமுறை சோதித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அனாம் உட்பட நான்கு சோதனைகளிலும் இரு முடிவுகளுக்குமான ஒற்றுமை, மருத்துவ முடிவுக்கு வேண்டிய அளவைவிடக் குறைவாகவே இருந்தது. இதனிடையே 2010இல் வேறொரு விதி வந்தது: குண்டு வெடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தவர், தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பணிக்குத் திரும்பும் பழக்கத்தை உடைத்ததில் கணினியைவிட இவ்விதி அதிகம் உதவியிருக்கக்கூடும்.

விளையாட்டுத் துறையில் பிட்ஸ்பர்க் நகரில் மார்க் லவல், ஜோசப் மரூன் முதலியோர் உருவாக்கிய 'இம்பாக்ட்' சோதனை பரவியது. அங்கு எதிர்மாறான சிக்கல்: அடிபட்டபின் வெளியே உட்கார வைத்துவிடக் கூடாதென்று சில வீரர்கள் முதல் சோதனையிலேயே வேண்டுமென்று மெதுவாகச் செயல்பட்டனர். 2016 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்பாக்டை விற்க அனுமதித்தபோது, அது மூளை அதிர்ச்சியைக் கண்டறியும் கருவி அன்று, அறிதிறனைச் சோதிக்கும் துணைக்கருவி மட்டுமே என்று தெளிவுபடுத்தியது.