சுண்ணாம்புச் சூளையும் கரையோரச் சட்டமும்

கட்டடப் பொருள் எங்கிருந்து வந்தது என்று வினவும் சட்டமெதுவும் இல்லாத பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே திருகோணமலைக் கோட்டையை நிர்மாணித்தனர் என்பதற்கு, அக்கோட்டை வாயிலில் இன்றும் காணப்படும் இரட்டைக் கயல் சின்னமும் தமிழ்ச் சாசனமும் பிரத்தியட்ச சாட்சிகளாகும்.

கல்லை இணைக்கச் சாந்து வேண்டுமன்றோ? சீமெந்து சர்வசாதாரணமாகும் முன்னர், இலங்கையின் கரையோரங்களில் அத்தேவையை நிறைவேற்றியதில் முருகைக்கல்லுக்குப் பெரும் பங்குண்டு. விறகையும் முருகைக்கல்லையும் மாறி மாறி அடுக்கிச் சூளையிலே சுட்டு, வெந்து வெளுத்த கட்டிகளின்மீது நீர் தெளித்தால், அவை சீறிப் பொரிந்து ஆவி கக்கி மாவாகும்; அம்மாவைச் சலித்து மணலோடு குழைத்தால் சாந்து தயார்.

ஆயினும், அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பதும், மீனினத்துக்கு உறைவிடமாவதும் உயிருள்ள முருகைப் பாரே. அது அழியக் கரையும் அரிக்கப்படும் என்பதனால், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1988இல் செய்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையும் சுடுவதையும் தடைசெய்தது. முருகைப் பார் சூழ்ந்த, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவும் 2003இல் தேசியப் பூங்காவாயிற்று.

இக்காலத்துப் பசுமைக் கட்டடச் சான்றிதழ்கள், பொருளின் பூர்வீகத்தை விசாரித்து மதிப்பெண் வழங்குகின்றன. அவை கட்டுவோன் விரும்பி ஏற்பவை. சட்டமோ எவரையும் விலக்காது. ஆகையால், சூளையை நம்பி வாழ்ந்தோருக்கு மாற்றுத் தொழிலை அமைத்துக் கொடுப்பதும் அச்சட்டத்தை இயற்றியோரின் கடமையேயாம்.